ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரும் பாக்டீரியாவும்: தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

"பாக்டீரியாவை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறோம்" என்று ஓர் உணவு ஆலை சொன்னால், படிப்பவருக்கு இரண்டு சந்தேகம் வரும். கிருமி என்றாலே நோய் என்றுதானே படித்தோம், அதைப் போய்த் தண்ணீரில் விடலாமா என்பது முதல் சந்தேகம். இரண்டாவது இன்னும் நியாயமானது. கிழங்கு மாவு கலந்த தண்ணீர்தானே, சாயப்பட்டறைத் தண்ணீர் போலச் சாயமோ உலோகமோ இல்லையே, அதைச் சுத்தம் செய்யத்தான் வேண்டுமா?

இரண்டுக்கும் பதில் தெரிந்துகொள்ள சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்தால் போதும். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை பழக்கமானது. அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், இந்த விஷயத்தில் பாதி புரிந்தது போல.

## தண்ணீர் எந்த இடத்தில் அழுக்காகிறது?

இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு சேகோவும் ஸ்டார்ச்சும் வருவது நின்றபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. அசல் சேகோ ஒரு வகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. நம் ஜவ்வரிசி முழுக்க முழுக்கக் கிழங்கு மாவு. 1981ல் இந்தத் தொழிலுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மரவள்ளியை அந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். லாரியில் வந்து இறங்கும் கிழங்கை மண் போகக் கழுவி, தோல் உரித்து, தண்ணீர் விட்டு அரைப்பார்கள். அரைத்த கூழைச் சல்லடையில் அலசினால் நார் மேலே தங்கும். அதுதான் திப்பி; காயவைத்தால் மாட்டுத்தீவனம். கீழே இறங்குவது மாவுப்பால். அதைத் தொட்டியில் சில மணி நேரம் அசையாமல் விட்டால் மாவு அடியில் கெட்டியாகப் படியும். மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, மாவை வெட்டி எடுத்து, குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி ரெடி.

கழிவுநீர் இரண்டு இடத்தில் வருகிறது. கிழங்கு கழுவிய தண்ணீரில் பெரும்பாலும் மண்தான். அதைத் தெளியவிட்டுத் திரும்பவும் கழுவுவதற்கே பயன்படுத்தலாம். மாவுத்தொட்டியிலிருந்து இறுத்த தண்ணீர்தான் உண்மையான பாரம். படியாமல் மிதக்கும் நுண்ணிய மாவு, கரைந்த சர்க்கரை, கொஞ்சம் புரதம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வாய்க்காலில் கலந்துவிடும் ஆலை, மண்ணையும் சேர்த்துச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அனுப்பி, தன் தொட்டியைத் தானே தூர்த்துக்கொள்கிறது.

இந்தத் தண்ணீரில் இன்னொன்றும் உண்டு. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதே கிழங்கின் நொதி ஒன்று லினமரினோடு சேர, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. பச்சை மரவள்ளி இலையை மேய்ந்த ஆடுமாடுகள் சில நேரம் செத்துப்போவதும் இதனால்தான். அரைத்து, அலசி, காயவைக்கும்போது பெரும்பகுதி தண்ணீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. தண்ணீரோடு போகும் பங்கு சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான் வந்து சேரும்.

## சாப்பாட்டுத் தண்ணீர் மீனைக் கொல்வது எப்படி?

ஆற்றிலும் ஏரியிலும் ஏற்கெனவே பாக்டீரியா இருக்கிறது. மாவும் சர்க்கரையும் வந்து விழுந்தால் அவை தின்று பெருகும். தின்பதற்கு மூச்சு வேண்டும், மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். மீன்களுக்கு அதில் 4, 5 மில்லிகிராமாவது வேண்டும். ஆகத் தண்ணீரில் உயிர் வாழ்வது எப்போதும் இறுக்கமான பட்ஜெட்தான். அதில் பாக்டீரியாவுக்குத் திடீர் விருந்து வைத்தால் மீனுக்கு மூச்சு மிஞ்சாது.

இந்தப் பசியை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. செய்திகளில் அடிக்கடி வரும், ஆனால் விளக்கமில்லாமல் வரும்.

1. பி.ஓ.டி.: ஒரு லிட்டர் கழிவுநீரிலுள்ள உணவைத் தின்ன பாக்டீரியாவுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற கணக்கு. இந்தியாவில் மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள்.

2. சி.ஓ.டி.: அதே தண்ணீரை வீரியமான அமில ரசாயனத்தோடு கொதிக்கவைத்து, எரியக்கூடியதையெல்லாம் எரித்து அளப்பது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். பாக்டீரியாவால் தின்ன முடியாததும் இதில் சேர்வதால் இது எப்போதும் பி.ஓ.டி.யைவிடப் பெரிய எண்.

சி.ஓ.டி.யில் பாதிக்கு மேல் பி.ஓ.டி.யாக இருந்தால், பாக்டீரியாவிடம் ஒப்படைக்கத் தகுந்த தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர் பொதுவாக இந்த வகைதான். சாயப்பட்டறைத் தண்ணீரில் இந்த விகிதம் குறைவு. அதனால்தான் அங்கே பாக்டீரியா மட்டும் போதுவதில்லை.

இனி கணக்கு. மாவுத்தொட்டித் தண்ணீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுநீரின் 7.5ஆல் வகுத்தால் 400. அதாவது இந்தத் தண்ணீர் ஒரு லிட்டர், 400 லிட்டர் ஆற்றுநீரின் ஆக்சிஜன் முழுவதையும் குடித்துவிடக்கூடியது. விஷம் எதுவும் கலக்க வேண்டியதில்லை, சோறே போதும்.

சட்டம் கேட்பது என்ன? ஆறு, ஏரிகளில் விடும் தண்ணீரில் பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நாட்டின் பொது வரம்பு. பாசனத்துக்கு நிலத்தில் விடுவதானால் பி.ஓ.டி. 100 வரை போகலாம். 3,000த்தை 30ஆக்குவது என்றால் நூற்றில் 99 பங்கை நீக்க வேண்டும். வடிகட்டியால் இது முடியாது, கரைந்த சர்க்கரை எந்தத் துணியிலும் நிற்காது. தின்று தீர்க்கத்தான் வேண்டும். ஆற்றில் போய்த் தின்ன இருந்த பாக்டீரியாவை ஆலைக்குள்ளேயே ஒரு தொட்டியில் உட்காரவைத்துத் தின்னச் சொல்வதுதான் மொத்தத் தொழில்நுட்பமும்.

## காற்றோடு தின்பவை, காற்றில்லாமல் தின்பவை

தொட்டியில் அடியிலிருந்து காற்றை ஊதி, பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே இருப்பது ஒரு வழி. 1914ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் இதை முறைப்படுத்தினார்கள். நகரங்களின் சாக்கடை நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல இன்றும் இந்த வழியில்தான் ஓடுகின்றன.

இதில் இரண்டு செலவு. காற்று ஊதும் புளோயருக்குக் கரண்ட். ஒரு கிலோ பி.ஓ.டி.யைத் தீர்க்க ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். இன்னொன்று சகதி. ஆக்சிஜனோடு தின்னும் பாக்டீரியா உணவின் சக்தியை முழுசாகக் கறந்துகொள்வதால் அதற்கு உடம்பு போடுகிறது. ஒரு கிலோ பி.ஓ.டி. தின்றால் அரைக் கிலோ வரை உலர்எடைச் சகதி புதிதாகச் சேரும். அதை அள்ளி, பிழிந்து, காயவைத்து எங்காவது கொண்டுபோக வேண்டும்.

காற்றே படாமல் மூடிவைத்துத் தின்னவிடுவது இரண்டாவது வழி. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உணவிலிருந்து சிறு பங்குச் சக்தியையே எடுக்க முடியும். மீதி மீத்தேன் வாயுவாக வெளியே வந்துவிடும். சாண எரிவாயு அடுப்பில் நாம் எரிப்பது அந்த மீதியைத்தான். சகதியும் முதல் வழியில் சேர்வதில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். சேலத்தின் வெயில் இதற்கு நல்ல துணை. இந்த உயிர்கள் 30 முதல் 38 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடாக்கவே தனிச் செலவு.

## காற்றில்லாத் தொட்டியில் நான்கு கைகள்

'பாக்டீரியா தின்கிறது' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், உள்ளே ஒருவர் மிச்சத்தை அடுத்தவர் தின்னும் வரிசை ஒன்று இருக்கிறது.

1. வெட்டுபவை: மாவு ஒரு நீளச் சங்கிலி, அப்படியே விழுங்க முடியாது. முதல் கூட்டம் நொதியை வெளியே விட்டு அதைச் சர்க்கரையாக வெட்டுகிறது.

2. புளிக்கவைப்பவை: சர்க்கரையை அமிலங்களாகவும் ஹைட்ரஜன், கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. இட்லி மாவு ராத்திரியில் பொங்கிப் புளிப்பதும் இந்த இனத்து வேலைதான். ஆலைப்பக்கம் அடிக்கும் புளித்த வாடையும் இங்கிருந்தே வருகிறது.

3. வினிகர் ஆக்குபவை: முந்தைய கூட்டம் விட்டுச்சென்ற பெரிய அமிலங்களை வினிகரின் அமிலமான அசிட்டிக் அமிலமாகச் சுருக்குகின்றன.

4. மீத்தேன் ஆக்குபவை: அசிட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் எடுத்து மீத்தேன் விடுகின்றன. கண்டிப்பாகப் பேசினால் இவை பாக்டீரியாவே இல்லை. 1977ல் கார்ல் வூஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் இவை ஆர்க்கியா என்ற தனிக் குலம் என்று காட்டினார்கள். பழக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து பாக்டீரியா என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்த வரிசையில் எல்லாரும் ஒரே வேகம் கிடையாது. இரண்டாவது கூட்டம் சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். நான்காவது கூட்டத்துக்கு அதற்கே பல நாள் வேண்டும். மேலே இருப்பவர் அமிலத்தைக் கொட்டிக்கொண்டே போக, கீழே இருப்பவர் மெதுவாகத்தான் அள்ள முடியும். அமிலம் தேங்கினால் தொட்டி புளிக்கும். புளித்தால் மீத்தேன் கூட்டம் இன்னும் மெதுவாகும், அமிலம் இன்னும் தேங்கும். இந்தத் தொழில்நுட்பத்தில் வரும் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த வேக வித்தியாசத்திலிருந்து பிறப்பவைதான்.

## ஒரு ஆலையின் கணக்கு

கணக்குக்காக ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் மாவுத்தொட்டித் தண்ணீர், சி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். அப்படியென்றால் நாளுக்கு 500 கிலோ சி.ஓ.டி. காற்றில்லாத் தொட்டி அதில் 80 சதவீதத்தைத் தின்றால் 400 கிலோ.

ஒரு கிலோ சி.ஓ.டி. தின்னப்பட்டால் அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன் வரும். இது வேதியியல் விதித்த எல்லை. யாராவது இதைவிட அதிகம் வரும் என்று விற்க வந்தால் நம்ப வேண்டாம். 400 கிலோவுக்கு 140 கன மீட்டர். வெப்பமாகப் பார்த்தால் வீட்டு சமையல் சிலிண்டர் ஏழரைக்குச் சமம். எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுத்தால், சின்ன எஞ்சின்களின் திறமைக்கு 350 யூனிட்டாவது கிடைக்கும். இதே வேலையைக் காற்று ஊதிச் செய்திருந்தால் முன்னூறு, நானூறு யூனிட் கைவிட்டுப் போயிருக்கும்.

சேலம் பகுதியில் பல ஜவ்வரிசி ஆலைகள் கழிவுநீரை மூடி எரிவாயு எடுத்து, வறுக்கும் அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் பயன்படுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அதே தண்ணீரைத் திறந்த குட்டையில் தேக்கினாலும் அடியில் இதே நான்கு கூட்டமும் வேலை செய்யும், வாயு மட்டும் வீணாக வானத்துக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். குட்டையின் வாடையைச் சகித்துக்கொண்ட ஊர் மக்களுக்கு அடுப்பெரிக்க ஒரு சிலிண்டர் வாயுகூடக் கிடைக்காது என்பது எனக்கு மனதைச் சங்கடப்படுத்தும் விஷயம்.

## எந்தத் தொட்டி?

எளியது மூடிய குட்டை. பெரிய பள்ளம் தோண்டி, அடியிலும் மேலும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடுவது. மேலே வாயு உப்பி நிற்கும். ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு நாளுக்கு ஒரு கிலோ சி.ஓ.டி. தாங்கும் என்று வைத்தால், நம் ஆலைக்கு 500 கன மீட்டர் குட்டை வேண்டும். இடம் இருப்பவர்களுக்கு இது சரி.

இடம் குறைந்தவர்களுக்கு 1970களில் நெதர்லாந்தில் காட்சே லெட்டிங்கா என்ற பேராசிரியர் வளர்த்தெடுத்த ஒரு வடிவம் உண்டு. அங்கே அவர் எதிர்கொண்டதும் உணவு ஆலைத் தண்ணீரைத்தான், பீட்கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையினுடையது. தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக ஏற்றுவது அவர் முறை. மணிக்கு ஒரு மீட்டருக்குள்தான் ஏறும். இந்த மெல்லிய ஓட்டத்தில் லேசான நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்பட, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை அடியில் தங்குகின்றன. சில மாதத்தில் அவை கறுப்புக் குருணையாகத் திரள்கின்றன, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருண்டைகள். நான்கு கூட்டமும் ஒரே உருண்டைக்குள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பதால் கைமாற்றம் சுலபமாகிறது. உச்சியில் கூடாரம் போன்ற தடுப்பு வாயுவைத் தனியாகப் பிரித்துக்கொள்ள, குருணை மறுபடி கீழே விழ, தெளிந்த தண்ணீர் வழிந்து வெளியேறும். கன மீட்டருக்கு ஐந்து கிலோ தாங்கினாலே நம் ஆலைக்கு 100 கன மீட்டர் தொட்டி போதும். ஆனால் இதை ஓட்டத் தெரிந்த ஆள் தினமும் பக்கத்தில் இருக்க வேண்டும், குட்டையைப் போல மன்னிக்காது.

## தொட்டி எப்படிச் சாகிறது?

1. அவசரத்தில் சாகிறது. கிழங்கு வரத்து கூடும் வாரத்தில் தண்ணீரையும் ஒரேயடியாகக் கூட்டிவிட்டால், மேலே சொன்ன புளிப்புச் சுழல் தொடங்கும். மீத்தேன் கூட்டத்துக்கு கார அமில அளவு (பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.8 முதல் 7.4 வரை இருக்க வேண்டும். மாவுத்தொட்டித் தண்ணீரோ வரும்போதே புளித்து 4, 5 என்றுதான் வரும். சுண்ணாம்பு போடலாம், ஆனால் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே வரும் தண்ணீரோடு கலப்பது மலிவு. அதிலேயே காரத்தன்மை இருக்கிறது. வாயு குறைவதற்கு முன்பே அமிலம் ஏறும். அதனால் தினமும் அமிலத்தை அளக்கும் ஆலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும், வாயு மீட்டரை மட்டும் பார்க்கும் ஆலைக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

2. வெள்ளை நிறத்தால் சாகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜவ்வரிசி பளீரென்று இருந்தால்தான் கடையில் கை போகிறது. அந்த வெள்ளைக்காகச் சில இடங்களில் மாவுப்பாலில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் கந்தக அமிலமும் கலப்பதும், உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்திப் பறிமுதல் செய்வதும் செய்திகளில் வந்திருக்கின்றன. சாப்பிடுபவருக்கு என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்டோம். தொட்டிக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. ஹைப்போகுளோரைட் என்பது கிருமியைக் கொல்வதற்கென்றே இருக்கும் பொருள். மாவிலிருந்து இறுத்த தண்ணீரோடு அது தொட்டிக்குப் போனால் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். கந்தக அமிலம் இன்னொரு விதமாகக் கெடுக்கும். அதிலிருந்து வரும் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு வாழும் பாக்டீரியா ஒன்று உண்டு. மீத்தேன் கூட்டத்தின் உணவை அது பிடுங்கித் தின்று, மீத்தேனுக்குப் பதில் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது எஞ்சினை அரிக்கும், மீத்தேன் கூட்டத்துக்கும் விஷம். நம் வெள்ளை மோகம் ஊருக்கு நாற்றமாகத் திரும்பி வருகிறது.

3. சயனைடு. பயமுறுத்தும் பெயர், ஆனால் நடைமுறையில் சமாளிக்கக்கூடியது. முதல் தடவை படும்போது மீத்தேன் உற்பத்தி விழும், சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினால் மீளும். சயனைடையே உடைத்துத் தின்னும் நுண்ணுயிர்களும் உண்டு. வெளியேறும் தண்ணீரில் 0.2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு.

4. சத்துக்குறைவு. மாவு வெறும் சர்க்கரைச் சங்கிலி. உடம்பு கட்ட நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். இதற்கான மருந்து உரக்கடையிலேயே இருக்கிறது.

இவற்றோடு, தொட்டியைப் பற்றிப் பேசும்போது மனிதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. இன்னும் கூடினால் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். மூடிய கழிவுத்தொட்டிக்குள் ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் சாகும் செய்திகள் இப்படித்தான் வருகின்றன. வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், மூச்சுக்கருவி, மேலே கயிற்றோடு ஆள் இல்லாமல் எந்தத் தொட்டிக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. "ரெண்டு நிமிஷ வேலைதான்" என்று இறக்கிவிடுவது கொலைக்குச் சமம்.

## பாக்கெட்டில் வரும் பாக்டீரியா

பொடியாகவும் திரவமாகவும் பாக்டீரியா விற்கிறார்கள். ஊற்றினால் நாலு நாளில் நாற்றம் போகும், தண்ணீர் தெளியும் என்பார்கள். இதை எப்படி எடைபோடுவது?

தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளலாம். உறைமோர் இல்லாமல் தயிர் இல்லை. ஆனால் கொதிக்கும் பாலில் எவ்வளவு நல்ல உறைமோர் ஊற்றினாலும் உறையாது. புதுத் தொட்டிக்கு விதை தேவை. அது பசுஞ்சாணத்திலேயே இருக்கிறது, மாட்டின் வயிற்றில் மீத்தேன் கூட்டம் எப்போதும் குடியிருக்கிறது. பக்கத்தில் நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு டேங்கர் சகதி கிடைத்தால் இன்னும் நல்லது, மாதக்கணக்கில் நேரம் மிச்சமாகும். விதைத்த பிறகு யார் தங்குவார், யார் போவார் என்பதைத் தீர்மானிப்பது தொட்டியின் அளவும் புளிப்பும் வெப்பமும் வரும் உணவும்தான். 500 கன மீட்டர் தேவைப்படும் இடத்தில் 50 கன மீட்டர் தொட்டி கட்டிவிட்டு மாதாமாதம் பொடி கொட்டினால், அந்தப் பொடி பெருகுவதற்கு முன்பே தண்ணீரோடு வெளியே போய்விடும். ஒருமுறை விதைக்க வாங்குவதில் தப்பில்லை. நிரந்தரமாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், தொட்டியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

## மீதியைத் தீர்க்கும் இரண்டாம் கட்டம்

காற்றில்லாத் தொட்டியால் 99 சதவீதம் முடியாது. நம் ஆலையில் அது முடிந்தபின்னும் சி.ஓ.டி. 1,000 இருக்கிறது, பி.ஓ.டி. 400 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து காற்று ஊதும் தொட்டி. இப்போது தின்ன வேண்டியது நாளுக்கு 40 கிலோ மட்டுமே என்பதால் கரண்ட் செலவும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கனமான வேலையை அங்கேயும் நுணுக்கமான வேலையை இங்கேயும் கொடுப்பதுதான் உணவு ஆலைகளுக்குப் பொருந்தும் வரிசை என்பது என் கருத்து.

இந்தத் தொட்டி நலமா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டித் தண்ணீரை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் எல்லாம் ஒரே பழுப்பு. நல்ல தொட்டியென்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் சின்னச் சின்னத் துகள்கள் சேர்ந்து பஞ்சு போலாகி இறங்கத் தொடங்கும். மேலே ஒரு கோடு தெரியும், கோடு இறங்கிக்கொண்டே வரும். அரை மணி கழித்துப் பார்த்தால் அடியில் 200, 300 மில்லி உயரத்துக்குச் சகதி, மேலே செய்தித்தாளை வைத்துப் படிக்கும் அளவுக்குத் தெளிவு. கெட்டுப்போன தொட்டியென்றால் அரை மணிக்குப் பிறகும் கோடு 900 மில்லியிலேயே நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் தலைமுடி போல நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். அந்த இழை பாக்டீரியாவும் தின்கிறதுதான், ஆனால் படியாது. படியாத சகதி தண்ணீரோடு வெளியே போய், சுத்தம் செய்த தண்ணீரை மறுபடி அழுக்காக்கும்.

சர்க்கரை அதிகம், நைட்ரஜன் குறைவு, காற்றும் குறைவு என்ற நிலையில் இழைகள்தான் ஜெயிக்கும். ஜவ்வரிசி, பால், பழச்சாறு ஆலைகளில் இது அடிக்கடி வருவது அதனால்தான். வழக்கமான விகிதம், 100 பங்கு பி.ஓ.டி.க்கு 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ். நம் 40 கிலோவுக்கு 2 கிலோ நைட்ரஜன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால், தண்ணீரில் எதுவுமே இல்லையென்றாலும் நாளுக்கு நாலரைக் கிலோ யூரியாவில் விஷயம் முடிகிறது.

## பாக்டீரியாவால் முடியாதது

உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருந்து, சுண்ணாம்பும் சோடாவும் மேலே சேர்ந்தால், பி.ஓ.டி. 30க்கு வந்த பிறகும் அந்தத் தண்ணீர் வயலைக் கெடுக்கும். கரைந்த உப்புக்கு 2,100 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு தனியாக இருப்பது இதற்காக. ஆலைத் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர் 'சுத்திகரிக்கப்பட்டது' என்ற சொல்லோடு நிறுத்தாமல் பி.ஓ.டி., கரைந்த உப்பு, சயனைடு மூன்றுக்கும் எண் கேட்க வேண்டும். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவோடு நடக்கும் ஆலையிடம் இந்த எண்கள் இருந்தாக வேண்டும்.

## கிழங்கு இல்லாத மாதங்கள்

கிழங்கு வருஷம் முழுக்க ஒரே அளவில் வராது. அரவை நின்றால் பாக்டீரியாவுக்குப் பட்டினி. காற்று ஊதும் தொட்டியில் இருப்பவை சில வாரத்தில் மெலிந்து அழிந்துவிடும். அடுத்த பருவத்தில் அதைப் புதிதாக விதைக்க வேண்டியிருக்கும். காற்றில்லாத் தொட்டிக் குருணைகள் அப்படியில்லை. சோறு இல்லாவிட்டால் அடங்கிக் கிடக்கும், பல மாதம் கழித்து உணவு வந்ததும் எழுந்துகொள்ளும். அதனால் பருவம் முடிந்ததும் "தொட்டியைச் சுத்தம் பண்ணுகிறோம்" என்று அடிச்சகதியை அள்ளிக் கொட்டிவிடுவதுதான் ஆலை செய்யக்கூடிய பெரிய தப்பு. காற்றுப் படாமல் மூடி, தண்ணீரோடு அப்படியே விட வேண்டும். முதல் லாரி கிழங்கு இறங்கும் வாரத்தில் வழக்கமான தண்ணீரில் கால் பங்கு மட்டும் உள்ளே விட்டு, வாயு மீட்டர் நகர்ந்து அமிலம் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கால் பங்கைத் திறக்க வேண்டும்.